பொந்தை அடைத்த ரப்பர்

"ஏன் குதிக்குது?"

செலின் மூன்றாவது தடவையாகக் கேட்டாள். காருக்கு அடியில், பட்டறைப் பள்ளத்துக்குள் நின்றிருந்தான் மெக்கானிக் ஜமால்.

"தம்பி, உங்களைத்தான். நின்ன இடத்திலேர்ந்து வேகமாக் கிளப்பினா முன் சக்கரம் ரெண்டும் தடதடன்னு குதிக்குது. ஏன்?"

"பாத்துட்டிருக்கேங்க்கா."

"அரை மணி நேரமாவா?"

பள்ளத்திலிருந்து டார்ச் வெளிச்சம் மட்டும் நகர்ந்தது.

பந்தயக் கார் வைத்திருக்கும் கோயமுத்தூர்ப் பிள்ளைகள் எல்லாம் ஜமாலை உஸ்தாத் என்றுதான் கூப்பிடுவார்கள். கேட்டதற்குப் பதில் சொல்ல மாட்டான், கேட்டவர்களுக்கு வேலை கொடுப்பான் என்று பெயர். செலினுக்கு ஐம்பத்தொரு வயது. அவனுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. தன்னைவிடச் சின்னவனை உஸ்தாத் என்று கூப்பிட அவள் வாய்க்கு வரவில்லை. தம்பி போதும்.

கார் அவளுடையது இல்லை. மகள் ஜெனிட்டாவுடையது.

ஜெனிட்டா ஆகஸ்டில் இறந்துபோனாள். காரால் இல்லை. மூளைக் காய்ச்சல், ஒன்பது நாள். இருபத்து நான்கு வயது.

காய்ச்சலுக்கு முந்தைய நாள் அவளுக்கு ஒரு பந்தயம் இருந்தது. ஊருக்கு வெளியே, கைவிட்ட விமான ஓடுதளத்தில். கொடி இறங்கியதும் கார் குதித்தது. நாலடி போவதற்குள் முன் சக்கரத்தைச் சுழற்றும் ஆக்ஸில் முறிந்தது. ஊரே பார்க்க, கயிறு கட்டி இழுத்து வந்தார்கள்.

அதே ஓடுதளத்தில் வரும் ஞாயிறு மறுபடி பந்தயம். ஜெனிட்டா எப்போதோ பெயர் கொடுத்து வைத்திருந்தாள். அவளுக்குப் பதிலாகச் செலின் ஓட்டப் போகிறாள். ஜெயிப்பதற்கு இல்லை. ஒரே ஒரு தடவை. குதிக்காமல், நேராக.

"ஆக்ஸில் மாத்தி மூணு மாசம் ஆச்சு. இன்னும் குதிக்குது. ஞாயித்துக்கிழமைக்கு ஆறு நாள்தான் இருக்கு" என்றாள் பள்ளத்தைப் பார்த்து.

"இருக்குதுங்க்கா."

காரின் இடது ஸீட்டில் அவள் கணவர் அமல்ராஜ் உட்கார்ந்திருந்தார். ஜெனிட்டா ஓட்டிப் பழகிய காலமெல்லாம் அவர் அந்த ஸீட்டில்தான் உட்கார்ந்தார். இறங்கச் சொன்னாலும் இறங்குவதில்லை. பேசச் சொன்னாலும் பேசுவதில்லை.

ஜமால் மேலே ஏறி வந்தான். கையைத் துடைத்தான். மூலையில் இருந்த இரும்புப் பெட்டியைக் காட்டினான். உள்ளே முழுக்க ஸ்பானர். கைப்பிடியில் சைக்கிள் ட்யூப் ஒன்றைக் கட்டி, அதன் முனையை அவளிடம் நீட்டினான்.

"அந்தக் கோடு வரைக்கும் இழுங்க்கா."

"நான் காருக்கு வந்தேன், பொட்டி இழுக்க வரலை."

"ம்."

செலின் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இழுத்தாள்.

ட்யூப் நீண்டது. பெட்டி அசையவில்லை. இன்னும் இழுத்தாள். ட்யூப் இன்னும் நீண்டது. திடீரென்று பெட்டி அரையடி தாவி வந்து நின்றது. ட்யூப் தொங்கிப்போனது. மறுபடி இழுத்தாள். மறுபடி தாவல். தடக். தடக். தடக்.

பாதி வழியில் நின்றுவிட்டாள்.

"சக்கரம் இப்படித்தான் பண்ணுது."

ஜமால் ட்யூபை அவிழ்த்துவிட்டுக் கயிறு கட்டினான். இப்போது பெட்டி அவள் பின்னால் ஒழுங்காக வந்தது, கோட்டில் நின்றது.

"இவ்வளவுதானா? ட்யூபுக்குப் பதில் கயிறு. இதைச் சொல்றதுக்கு வாய் வலிக்குமா?"

"கையில என்ன தெரிஞ்சுதுங்க்கா?"

"என்ன தெரியும்? தரை தெரிஞ்சுது. பூசினவன் ஒழுங்காப் பூசலை. ஒவ்வொரு சொரசொரப்பும் தோள் வரைக்கும் ஏறுது."

"ட்யூப்ல இழுத்தப்ப?"

"அப்ப ஒண்ணும் தெரியலை."

"ம்" என்றான் ஜமால். டீ குடிக்கப் போய்விட்டான்.

*

திரும்பி வந்தவன் எஞ்சினுக்குப் பக்கத்திலிருந்து ஒன்றைக் கழற்றி அவள் உள்ளங்கையில் வைத்தான். இரும்பு வளையம். வளையத்துக்குள் கறுப்பு ரப்பர். ரப்பருக்குள் பிறை மாதிரி இரண்டு பொந்து.

"எஞ்சின் மவுண்ட். எஞ்சினை வண்டியோட புடிச்சு வெக்கிறது இந்த மாதிரி நாலு."

செலின் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கட்டைவிரலால் அழுத்தினாள். ரப்பர் பதுங்கியது.

"அப்ப கிளப்பும்போது எஞ்சின் இதுல முறுக்கிக்குது. அப்புறம் விடுது. மறுபடி முறுக்குது. உங்க ட்யூப் மாதிரி. அதானே?"

"அதுவும் ஒண்ணுங்க்கா."

"இதுக்குள்ள ஏன் பொந்து விட்டிருக்கான்? ரப்பர் மிச்சம் புடிக்கவா?"

"ஆடறதுக்கு எடம்."

"ஆடறதுக்கு எதுக்கு இடம்? ஆடக் கூடாதுன்னுதானே புடிச்சு வைக்கிறது?"

ஜமால் அமல்ராஜைப் பார்த்தான். அமல்ராஜ் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொந்தை அடைச்சா கெட்டியாயிடுங்க்கா. முன்கண்ணாடி ஒட்டுற பசை இருக்கு. காஞ்சா கல்லு மாதிரி. பாதி அடைக்கலாம். முழுசும் அடைக்கலாம்."

"முழுசும்."

"கொஞ்சம் யோசிச்சு..."

"முழுசும்னு சொன்னேன். நாலுலயும்."

"வண்டில யாரு யாருங்க்கா உக்காருவாங்க?"

"நான். இவர். வேற யார் இருக்கா?"

அதைச் சொன்னபின் அவளுக்கு எரிச்சல் வந்தது. கேட்டவன் மேல்தான்.

செலின் எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. முப்பதாம் நாள் பூசை முடிந்த அன்றே ஜெனிட்டாவின் துணிகளை மடித்து அனாதை இல்லத்துக்கு அனுப்பினாள். படத்தைக் கழற்றி அலமாரியில் வைத்துப் பூட்டினாள். சோபாவில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சிய நாத்தனாரிடம், "அழுறதுன்னா உங்க வீட்ல சோபா இல்லையா?" என்று கேட்டாள். நாத்தனார் அன்று போனவர்தான். இனி இந்த வீட்டில் யாரும் அழக் கூடாது என்று அமல்ராஜிடமும் சொன்னாள். அவர் தலையாட்டினார். அதற்கு முன்பெல்லாம் பேப்பரில் வரி விளம்பரத்தைக்கூடச் சத்தமாக வாசித்துக் காட்டி அவள் உயிரை எடுப்பவர். இப்போது பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தில் இருந்தார்.

வீடு அசையாமல் நின்றது. அந்த மட்டும் செலினுக்கு நிம்மதி.

பசையை அவளே அடைத்தாள். ஜமால் துப்பாக்கி மாதிரி ஒன்றைக் கொடுத்தான், அமுக்கினால் கறுப்பாகப் பிதுங்கியது. கான்வென்ட்டில் சிஸ்டர் எவாஞ்சலின் கேக்குக்கு ஐசிங் போடக் கற்றுக்கொடுத்தபோது வகுப்பிலேயே செலின் கைதான் நடுங்காத கை. ஒரு குமிழி விடாமல் அடைத்தாள்.

"காய எத்தனை நேரம்?"

"அஞ்சு நாள்."

"அடுப்புல வெச்சா?"

ஜமால் அவளைப் பார்த்த பார்வையில் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டாள்.

*

மறுநாளே வந்து விரலை வைத்து அழுத்திப் பார்த்தாள். மேலே காய்ந்திருந்தது, உள்ளே கொழகொழவென்று இருந்தது. விரல் பதிந்த பள்ளம் அப்படியே நின்றது.

"இட்லியாங்க்கா, குத்திப் பாக்க?" என்றான் ஜமால்.

"நீங்க வெச்சிருக்கிற வேகத்துக்கு இட்லி புளிச்சே போயிருக்கும்."

புதன்கிழமையும் வந்தாள். அன்று விரலை வைக்கவில்லை. மேசை மேல் வரிசையாக இருந்த நான்கையும் பார்த்தபடி ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஜமால் ஒரு கார்புரேட்டரைப் பெட்ரோலில் கழுவிக்கொண்டிருந்தான்.

"ஆக்ஸில் முறிஞ்ச அன்னைக்குப் பாப்பா இங்க வருவான்னு பாத்துட்டே இருந்தேன்" என்றான், தலை நிமிராமல். "வரலீங்க்கா."

"நேரா வீட்டுக்கு வந்தா."

"ம்."

"வந்து உக்காந்து அழுதா. ரெண்டு வருஷம் கட்டின வண்டிம்மா, நாலடி போகலைன்னா. நான் பருப்பு தாளிச்சிட்டிருந்தேன். தகர டப்பாவுக்கெல்லாமா அழுவாங்க, போய் மூஞ்சியைக் கழுவுன்னேன்."

ஜமால் கழுவுவதை நிறுத்தவில்லை.

"கழுவிச்சா?"

"கழுவினா. சொன்னதைக் கேக்கற பொண்ணு."

வெளியே யாரோ ஹாரன் அடித்தார்கள். ஜமால் எழுந்து போகவில்லை.

"ராத்திரி தலை வலிக்குதுன்னா. அழுததுக்கு வலிக்குது, தூங்குன்னேன். காலைல தொட்டுப் பாத்தா கொதிக்குது."

"ம்."

"என்ன ம்? எதுக்கெடுத்தாலும் ம். உங்ககிட்ட வந்து இதைச் சொல்றேன் பாருங்க, என்னைச் சொல்லணும்."

செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்தாள். வாசல் வரை போனவள் திரும்பினாள்.

"குதிக்காமப் போகணும், தம்பி. எனக்கு வேற எதுவும் வேண்டாம். அவ வண்டி குதிக்காமப் போகணும்."

*

வெள்ளிக்கிழமை ஜமாலே பேச்சை எடுத்தான்.

"சார் நேத்து வந்திருந்தாருங்க்கா."

"எந்த சார்?"

"உங்க சார்தான்."

"எதுக்கு?"

"வண்டில உக்காந்திருந்தாரு."

"எவ்வளவு நேரம்?"

"மத்தியானம் வந்தாரு. பட்டறைப் பசங்க கிளம்பற வரைக்கும் இருந்தாரு."

"என்கிட்ட மீன் மார்க்கெட்னு சொன்னார். மீன் எங்கேன்னா நல்லா இல்லைன்னார்." செலின் மூச்சை இழுத்து விட்டாள். "என்ன பண்ணார் உக்காந்து?"

"ஒண்ணும் பண்ணலீங்க்கா. கதவுக்கு மேல ஒரு கைப்புடி இருக்குமில்லீங்களா? அதைப் புடிச்சிட்டிருந்தாரு."

"வண்டி ஓடவே இல்லையே. எஞ்சினே தொங்குது. எதுக்குப் புடிக்கணும்?"

ஜமால் ஸ்பானரைத் தேடுவது போல் குனிந்தான்.

"வயசாகுது அவருக்கு" என்றாள் செலின். "காஞ்சுதா இல்லையா, அதைச் சொல்லுங்க."

"நாளைக்குங்க்கா."

*

சனிக்கிழமை காலை நான்கையும் மாட்டினார்கள். விரல் பதிந்த பள்ளம் ஒன்றில் அப்படியே கல்லாகியிருந்தது. செலின் ஆணியால் குத்திப் பார்த்தாள். ஆணி வழுக்கியது. திருப்தியாகத் தலையாட்டினாள்.

பட்டறைக்குப் பின்னால் மூடிக் கிடக்கும் மில்லின் சாலை. ஆள் நடமாட்டம் இல்லை. ஜமால் பக்கத்தில் உட்கார்ந்தான். அமல்ராஜ் வெளியே, வேலியோரம் நின்றார்.

"கிளப்புங்க்கா. பந்தயத்துல மாதிரி."

செலின் முதல் கியரைப் போட்டாள். ஆக்ஸிலேட்டரை அழுத்தி, கிளட்சை விட்டாள்.

தடதடப்பு வரும் என்று அவள் பல்லைக் கடித்துக் காத்திருந்தாள். வரவில்லை. சக்கரம் ஒரு கணம் கீச்சிட்டது, தரையைப் பிடித்தது, கார் போனது. இஸ்திரி போட்ட மாதிரி போனது. மில் கேட் வரை போய்த் திரும்பினாள். இன்னொரு தடவை. மூன்றாவது தடவை.

"போச்சு!" ஸ்டியரிங்கை அடித்தாள். "தம்பி, போச்சு! சுத்தமாப் போச்சு!"

ஜமால் கால்சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டான்.

"எங்கங்க்கா போச்சு?"

"என்ன எங்க?"

"எஞ்சின் அதேதானே? அதே முறுக்குதானே முறுக்குது? அந்த ஆட்டம் எங்க போச்சு?"

"போச்சுன்னா போச்சு. எங்க போனா எனக்கென்ன? நாளைக்கு வராம இருந்தாச் சரி."

ஜமால் இறங்கினான். கதவைச் சாத்தாமல் பிடித்துக்கொண்டு, வேலியோரம் நின்றவரைக் கையசைத்துக் கூப்பிட்டான். அமல்ராஜ் வந்து உட்கார்ந்ததும் கதவை மெதுவாகச் சாத்தினான்.

"வீட்டுக்கு மெயின் ரோடு வழியாப் போங்க்கா."

"பைபாஸ்தான் சுருக்கு. மெயின் ரோட்ல அஞ்சு சிக்னல்."

"ஆமாங்க்கா."

"ஆமான்னு தெரிஞ்சும் ஏன் அந்த வழி?"

பள்ளத்தில் அடுத்த கார் நின்றிருந்தது. உஸ்தாத் இறங்கிவிட்டான்.

*

அவன் சொன்னதற்காக இல்லை, காய்கறி வாங்க வேண்டியிருந்ததால் மெயின் ரோட்டில் போனாள். அப்படித்தான் தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

ஓடும்போது ஒன்றும் தெரியவில்லை. முதல் சிக்னலில் நின்றதும் தெரிந்தது.

கார் முழுக்க நடுங்கியது. ஸ்டியரிங் உள்ளங்கையில் கூசியது. கதவுக்குள் எதுவோ கடகடத்தது. உள்கண்ணாடியில் தொங்கிய ஜெபமாலை முன்கண்ணாடியில் டக்டக்டக்கென்று தட்டியது. பல்லோடு பல் மோதியது.

"ஐயோ, இது என்ன கூத்து!" என்றாள் செலின். "கேட்டீங்களா? எஞ்சின் நடுக்கம் பூரா உள்ள வருது. இதைத்தான் அந்த ஆள் எங்க போச்சு எங்க போச்சுன்னு கேட்டிருக்கான். வாயைத் திறந்து சொன்னா என்ன? கிரீடமா விழுந்துடும்?"

அமல்ராஜ் காய்கறிக்கான துணிப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார்.

இரண்டாவது சிக்னல். மூன்றாவது.

நாலாவதில் நீளமாக நின்றார்கள். எண்பது நொடி என்றது பலகை. முன்னால் பஸ். வெயில் நேராக உள்ளே விழுந்தது. செலின் ஜெபமாலையைப் பிடித்து நிறுத்தினாள், விட்டாள், அது மறுபடி தட்டியது.

"நாளைக்கு ஒரு நாள்தானே? அரை நிமிஷம் ஓட்டப் போறேன். அவ வண்டி நேராப் போகணும், அது போதும். அப்புறம் வேணும்னா பழைய ரப்பரையே மாட்டிக்கலாம். என்ன சொல்றீங்க?"

திரும்பிப் பார்த்தாள்.

அமல்ராஜ் கதவுக்கு மேலிருந்த கைப்பிடியைப் பிடித்திருந்தார். அந்தக் கை நடுங்கியது. தோள் நடுங்கியது. மடியில் வைத்திருந்த துணிப்பை நடுங்கியது. முகம் வெளிப்பக்கம், பஸ்ஸைப் பார்த்திருந்தது.

"ரொம்ப ஆட்டுதா?" என்றாள். "கொஞ்சம் பொறுங்க. எஞ்சினுக்குத்தான் அது. பழகிடும்."

தோள் இன்னும் வேகமாக நடுங்கியது.

"சரி சரி. நிறுத்திடறேன். எண்பது நொடிக்கு எதுக்குப் பெட்ரோல்?"

சாவியைத் திருகினாள்.

எஞ்சின் நின்றது. கதவுக்குள் கடகடத்தது நின்றது. ஸ்டியரிங் நின்றது. ஜெபமாலை இரண்டு தடவை ஆடி, நேராகத் தொங்கியது.

கார் அசைவில்லாமல் இருந்தது.

அமல்ராஜ் நிற்கவில்லை.

கை நடுங்கியது. தோள் குலுங்கியது. சத்தமே வரவில்லை. நாலு மாதமாகப் பழகிய மாதிரி, துளிச் சத்தம் வராமல் குலுங்கிக்கொண்டிருந்தார்.

செலின் அவரைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். ஐம்பத்தொரு வருஷத்தில் முதல் தடவையாக அதில் ஒரு வார்த்தையும் இல்லை.

கையை நீட்டி, மடியிலிருந்த பையை எடுத்துப் பின் ஸீட்டில் வைத்தாள். பை இருந்த இடத்தில் தன் கையை வைத்தாள். தொடையின் நடுக்கம் அவள் மணிக்கட்டில் ஏறியது. முழங்கையில் ஏறியது. தோளுக்கு வந்தது. அவள் எடுக்கவில்லை.

பஸ் கிளம்பியது. முன்னால் சாலை காலியானது. பின்னாலிருந்து ஒரு ஹாரன். அப்புறம் நாலைந்து. ஒரு ஆட்டோக்காரர் பக்கத்தில் வந்து, "ஏனுங், பச்சை விழுந்து எத்தன நேரமாச்சு, தூக்கமா?" என்று கத்திவிட்டுப் போனார்.

செலின் சாவியைத் தொடவில்லை.

போக்குவரத்துப் போலீஸ்காரர் குறுக்கே நடந்து வந்து ஜன்னலில் தட்டினார். அவள் கண்ணாடியை இறக்கினாள். கன்னம் இரண்டும் நனைந்திருந்ததை அவர் பார்த்தார். குரலைத் தணித்துக்கொண்டார்.

"வண்டில என்னங்கம்மா பிரச்சனை?"

"வண்டில ஒண்ணுமில்லைங்க" என்றாள் செலின்.